தொலைவுக்கு ஏற்றிய விளக்கு

2020 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மாலை 6 மணிக்கு அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏறியது. ஆண்டுதோறும் அந்த நேரத்தில் மாட வீதியிலும் கிரிவலப் பாதையிலும் கால் வைக்க இடம் இருக்காது. கொரோனா தொற்றால் அன்று அந்த வீதிகளில் காவலர்கள் நின்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஊருக்குள் வர அனுமதி இல்லை, கிரிவலம் இல்லை, தீப நாளன்று கோயிலுக்குள் பக்தர்களுக்கும் இடமில்லை. 'பக்தர்கள் இல்லாமல் ஏற்றப்பட்ட தீபம்' என்று அன்றைக்கும் அதற்குப் பிறகும் பலரும் சொன்னார்கள், எழுதினார்கள். இரக்கத்தோடு சொன்ன சொல்தான். ஆனாலும் அது பிழையான சொல் என்பது என் எண்ணம். விளக்கு ஏறிய சில நிமிடங்களில் ஊரிலும், ஊரைச் சுற்றி மலை கண்ணுக்குத் தெரிகிற கிராமங்களிலும் வாசல்தோறும் அகல்கள் எரிந்தன. அந்த வாசல்களில் நின்றவர்கள் பக்தர்கள் இல்லையென்றால் பிறகு யார்? கார்த்திகை என்பது வீட்டு விழா; மலைமேல் எரிவது அந்த வீடுகளுக்காக ஏற்றிய விளக்கு; மலையைச் சூழும் கூட்டம் இந்த வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்தது. நோய்க்காலம் இந்த வரிசையைத் தலைகீழாக்கவில்லை. நாம் மறந்திருந்த வரிசையை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

முதலில் விளக்கையே பார்க்கலாம். மலையின் உயரம் 2,668 அடி. உச்சியில் வைக்கும் செப்புக் கொப்பரை ஓர் ஆள் உயரம் இருக்கும். அதற்கு 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடா துணியில் திரி என்பது அண்மை ஆண்டுகளில் கோயில் தரப்பில் சொல்லப்படும் கணக்கு. பதினொரு இரவுகள் அது எரியும். அருகில் வந்து கும்பிடுகிறவருக்காக ஏற்றும் விளக்குக்கு இத்தனை நெய் எதற்கு? கருவறையில் எரிகிற சரவிளக்குக்கு ஓர் உழக்கு எண்ணெய் போதும். நாலு முழத்தில் நிற்பவருக்கு அந்த வெளிச்சத்தில் மூலவர் நன்றாகவே தெரிவார். மலை உச்சியைத் தேர்ந்து, கொப்பரையைத் தோளில் சுமந்தேற்றி, துணியைப் பந்தமாகச் சுருட்டி, கற்பூரம் இட்டுக் கொளுத்துகிற இந்த ஏற்பாடு முழுவதும் தொலைவை மனத்தில் வைத்துச் செய்தது. வர முடியாதவருக்கும் வராதவருக்கும் தெரியவேண்டும் என்பதுதான் அதன் அளவையும் இடத்தையும் முடிவு செய்திருக்கிறது. அடிவாரத்தில் நெருக்கியடித்து நிற்பவருக்கு அது தலைக்கு மேலே ஒரு பொறி. பல கல் தொலைவில் களத்து மேட்டில் நிற்கும் குடியானவருக்கோ அடிவானத்தில் தனியாக நிற்கும் ஒற்றைச் சுடர். யாருக்கு அது நன்றாகத் தெரிகிறது என்று கேட்டால், பதில் சற்றுச் சங்கடமானது.

அந்தச் சுடரைப் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவது வட மாவட்டங்களில் நெடுநாள் வழக்கம். அதுவரை குத்துவிளக்கு துடைத்து வைத்தபடி இருக்கும், அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி நனைத்திருக்கும், நோன்பு இருப்பவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. 'மலையில ஏத்திட்டாங்க' என்ற குரல் தெருவில் ஓடியதும் வீடுவீடாகச் சுடர் தாவும். கோயிலில் அதிகாலை 4 மணிக்குப் பரணி தீபம். மாலையில் அர்த்தநாரீசுவரர் ஆண்டுக்கு ஒரே முறை, சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அந்த நேரத்தில் கீழிருந்து மலைக்குச் சைகை போகும். மலையிலிருந்து வாசலுக்குச் சுடர் போகும். சங்கிலியின் கடைசிக் கண்ணி வாசல். முதல் கண்ணியில் நிற்பவர்கள் கோயிலுக்குள் இடம் கிடைத்தவர்கள் மட்டும். நடுக்கண்ணியில், அதாவது உச்சியில், தீபம் ஏற்றும் உரிமை பெற்ற பர்வதராஜகுலத்தார். மீன்பிடி மரபினரான அவர்களும் ஒரு சிறு கூட்டம்தான். கடைசிக் கண்ணிக்குத்தான் எண்ணிக்கை கிடையாது. 2020-இல் முதல் கண்ணியில் ஆள் குறைந்தது. மற்ற இரண்டும் அறுபடவில்லை.

இலக்கியச் சான்றும் இந்தப் பக்கமே சாய்கிறது. கார்த்திகை விளக்கைப் பேசும் மிகப் பழைய பாடல்களில் ஒன்று அகநானூற்றின் 141-ஆம் பாட்டு, பாடியவர் நக்கீரர். மழை ஓய்ந்த வானத்தில் முழுநிலவு கார்த்திகை மீனைச் சேரும் இரவு. தெருவில் விளக்கு நிறுத்தி, மாலை தொங்கவிட்டு, பழமையான ஊரில் பலரும் கூடி விழா எடுக்கிறார்கள். பாட்டின் ஏக்கம் எங்கே போகிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது. பொருள் தேடிப் பிரிந்தவன் இந்த விழாவைக் கொண்டாட ஊர் திரும்பவேண்டும் என்கிறாள் தலைவி. எந்த மலைக்கும் போகவேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. போனவன் வீடு வரவேண்டும் என்கிறாள். கார்த்திகை அவளுக்குப் பயண நாள் இல்லை, திரும்பும் நாள். கார் நாற்பதும் களவழி நாற்பதும் இந்த விளக்குகளை உவமையாக எடுத்தாளுகின்றன. ஊரறிந்த ஒன்றைத்தானே புலவன் உவமையாக எடுப்பான்? காந்தள் பூத்துக் கிடப்பதைக் காட்ட வாசல் விளக்குகளின் வரிசை போதும் என்று நினைத்த காலம் அது.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கார்த்திகை விளக்கீட்டைப் பாடுகிறார்; பாடிய இடம் மயிலாப்பூர், பூம்பாவைப் பதிகம். அப்போதே அதைத் தொன்மையான நாள் என்கிறார், விளக்கிடுகிறவர்களாக இளம்பெண்களைச் சொல்கிறார். அதே சம்பந்தர் அண்ணாமலைக்கும் பதிகம் பாடியிருக்கிறார். அங்கே நம் கண்முன் எழுவது அருவி விழும் மலை, யானையும் காட்டு விலங்கும் திரியும் சாரல். மலை உச்சியில் கார்த்திகை விளக்கு என்பது தெளிவாக வருகிற இடங்களில் ஒன்று சீவக சிந்தாமணி. எழுதிய திருத்தக்கதேவர் சமண முனிவர். குன்றின்மேல் இட்ட கார்த்திகை விளக்கை ஓர் உவமையாகச் சொல்கிறார், எந்தக் குன்று என்று சொல்லவில்லை. குன்று இருந்த இடத்திலெல்லாம் ஏற்றினார்கள் என்று கொள்வதே பொருத்தம். திருப்பரங்குன்றம் முதல் ஊர்ப்பக்கத்துக் கரடு வரை இன்றும் அப்படித்தான். அண்ணாமலையின் பெருமை பிரமனும் திருமாலும் அடிமுடி தேடிய நெருப்புத் தூண் கதையோடு இந்தப் பழைய குன்று விளக்கு இணைந்ததில் இருக்கிறது. கதை விளக்குக்குப் பொருள் கொடுத்தது. விளக்கு கதைக்கு முன்பே தெருவில் இருந்தது.

வீட்டுப் பக்கத்தில் இந்த விழா எவ்வளவு அடர்த்தியானது என்பதை நகரத்தார் மறந்துவிட்டார்கள். அது ஒரு நாள் விழா இல்லை. முதல் நாள் அண்ணாமலையார் தீபம், அடுத்த நாள் நாட்டுக் கார்த்திகை, அதற்கடுத்தது கொல்லைக் கார்த்திகை. சில ஊர்களில் குப்பைக் கார்த்திகை என்றே சொல்வார்கள். முதல் நாள் வாசல் மாடத்தில் வைத்த விளக்கு மாட்டுக் கொட்டில், கிணற்றடி, களம், தோட்டம் என்று நகர்ந்து கடைசியில் எருக்குழிக்குப் போகும். சாணமும் சாம்பலும் கொட்டுகிற குப்பைமேட்டில் ஓர் அகலை வைத்துக் கும்பிடும் விழாவைக் கோயில் ஒழுங்கு எதுவும் எழுதித் தந்திருக்க முடியாது. அது உழவர் கணக்கு. நெல்பொரி, அவல்பொரி, வெல்லப்பாகில் பிடித்த பொரியுருண்டை, அப்பம், அடை. பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகும் கார்த்திகைச் சீர். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் முடிந்து, மட்டைக்கிடையே கட்டி, பையன்கள் தெருவில் சுழற்றும் மாவலி. ஊர்க்கோயில் முன் கொளுத்தும் சொக்கப்பனை. இவற்றில் எதற்கும் திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறத் தேவையில்லை.

அப்படியானால் கூட்டம் எப்போது வந்தது? விழாவுக்கு ஆள் வருவது பழைய செய்தி. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கல்வெட்டுகள் உள்ள கோயில் இது; ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் தன் கடைசிக் காலத்தில் இந்த ஊரைத் தலைநகராக வைத்திருந்தான்; கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி ராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். இத்தனை பேர் பணம் கொட்டிய ஊரில் விழாக் கூட்டம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அது நடந்தும் வண்டி கட்டியும் வந்த கூட்டம். 1896 செப்டம்பர் 1 அன்று வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், பின்னாளின் ரமண மகரிஷி, திருக்கோவிலூரில் ரயிலேறி இங்கே வந்து இறங்கியபோது பயணச்சீட்டு நாலணா. ரயில் வந்தது, பிறகு பேருந்து வந்தது, கூட்டத்தின் அளவு மாறியது. அதைவிடப் பெரிய மாற்றம் அண்மையது. கார்த்திகைக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் வந்து 14 கிலோமீட்டர் சுற்றிப் போகும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெருகியது. மலையை வலம் வருவது பழசு. புராணம் அதைச் சொல்கிறது, ரமணர் அதை ஓயாமல் வலியுறுத்தினார். மாதந்தோறும் சிறப்புப் பேருந்து விட்டு நடத்தும் வலம் புதிது. 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதைப் போலப் பல மடங்கு ஆட்கள் தீபத்தன்று ஒரே இரவில் வந்து போகிறார்கள். இந்தக் காட்சிக்குப் பழகிய கண்ணுக்குத்தான் 2020 வெறுமையாகத் தெரிந்தது.

நோய்க்கும் இந்த ஊருக்கும் முன்பே ஒரு கணக்கு உண்டு. 1905-இல் திருவண்ணாமலையில் பிளேக் வந்தது. ஊரே காலியாயிற்று; அப்போது விரூபாட்சி குகையில் இருந்த ரமணரும் உடனிருந்தவர்களும் ஊருக்கு வெளியே பச்சையம்மன் கோயிலுக்குப் போய் ஆறு மாதம்போலத் தங்கினார்கள். பிளேக் எலியிலும் தெள்ளுப்பூச்சியிலும் வருகிற நோய், அதாவது வீட்டுக்குள் வாழும் நோய். அதனால் அந்தக் காலத்து மருத்துவ அறிவுரை 'வீட்டை விட்டு வெளியே போ' என்பது. நாடெங்கும் அதிகாரிகள் மக்களை வீடுகளிலிருந்து கிளப்பிக் கொட்டகைகளில் குடியேற்றினார்கள். காலரா வேறு மாதிரி; அது குளத்திலும் கூட்டத்திலும் வந்தது, திருவிழாக்களோடு பயணம் செய்தது. 1892-இல் ஹரித்வாரில் மகாவாருணி நீராடலுக்கு வந்தவர்களைக் காலராவுக்கு அஞ்சிய ஆங்கில அரசு கலைத்து அனுப்பியது. 1897-இல் பிளேக்கைக் காரணம் காட்டி ஹஜ் பயணத்தை நிறுத்தியது. மக்கள் இதையெல்லாம் மதத்தில் கைவைப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆட்சி அந்நியருடையதாக இருந்ததால் அப்படி எடுத்துக்கொள்ள நியாயமும் இருந்தது. 2020 இரண்டையும் கலந்து தந்தது. காலரா போலக் கூட்டத்துக்கு அஞ்சச் சொன்னது, பிளேக்குக்கு நேர் எதிராக வீட்டுக்குள் போகச் சொன்னது. விழாக்களில் எது வீட்டுக்குள் பொருந்தும், எது பொருந்தாது என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையாக எழுந்தது.

மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் பங்குனி, சித்திரைப் பௌர்ணமிகள் கிரிவலம் இல்லாமல் போயின. அந்த ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஒரு பயணி மலைக் குகையில் தங்கியிருந்ததை வனத்துறையினர் கண்டு கீழே இறக்கினார்கள். 'வீட்டிலேயே இருங்கள்' என்ற சொல் வீடில்லாதவருக்கு என்ன பொருள் தரும் என்பதற்கு அது ஒரு விசித்திரமான எடுத்துக்காட்டு. மதுரையில் மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் கோயிலுக்குள் சிலர் மட்டும் இருந்து நடத்த, மற்றவர்கள் இணைய வழியாகப் பார்த்தார்கள். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-இல் திறந்தன. நவம்பர் 20-இல் அண்ணாமலையார் கோயிலில் கொடியேறியது. வீதியுலா மாட வீதிக்கு வராமல் ஐந்தாம் பிரகாரத்துக்குள்ளேயே முடிந்தது, தேர் ஓடவில்லை. 25-ஆம் தேதி இரவு நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்தது. நான்கு நாள் கழித்துத் தீபம். அடுத்த ஆண்டு, 2021 நவம்பர் 19 தீபத்துக்கு, விவகாரம் உயர் நீதிமன்றம் போய், உள்ளூரார் 5,000 பேர், வெளியூரார் 15,000 பேர் என்று கிரிவலத்துக்கு எண் வகுத்தார்கள். எண் வகுத்த கிரிவலம் ரேஷன் கடையை நினைவுபடுத்துகிறது. ஆனாலும் அதே ஆண்டு ஏப்ரலில் ஹரித்வாரில் எண் வகுக்காமல் நடந்த கும்பமேளா எப்படி முடிந்தது என்று பார்த்தவர்கள் இதைக் கேலி செய்யமாட்டார்கள்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு தேரிலிருந்து வருகிறது. திருவிழா என்பதன் உட்பொருளே சாமி வெளியே வருவதுதானே? மூலவர் இடம் பெயரமாட்டார் என்பதால்தான் உற்சவர் வீதிக்கு வருகிறார். நோயாளியும் முதியவரும் திண்ணையிலிருந்தபடியே கும்பிடவேண்டும் என்பதற்குத்தான் மாட வீதி அந்த அகலத்தில் இருக்கிறது. உலா பிரகாரத்துக்குள் முடிந்தபோது வீட்டிலிருப்பவருக்குத்தான் முதல் இழப்பு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால் இது என் வாதத்தை மறுக்கவில்லை, நீட்டுகிறது. தேரும் வீட்டை நோக்கிச் செய்த ஏற்பாடு. மலை விளக்கும் அதே வகை. கூட்டத்தைக் கூட்டாமல் தேரை இழுக்க முடியாது, அது வடத்தின் இயல்பு. கூட்டமே இல்லாமல் விளக்கை ஏற்ற முடியும். இரண்டில் ஒன்றை நோய் நிறுத்தியது, மற்றதை நிறுத்த முடியவில்லை. கிரிவலமும் தேர்ப் பக்கம்தான்: காலால் செய்கிற வழிபாட்டை வாசலில் உட்கார்ந்து செய்துவிட்டதாகச் சொல்வது ஏமாற்று. அர்த்தநாரீசுவரர் வெளிவரும் அந்தச் சில நிமிடங்களும் அப்படியே. மலை அதை வீட்டுக்கு அனுப்பாது. தொலைக்காட்சி அனுப்பியது என்பார்கள். திரையில் கேமரா நெருங்கிக் காட்டுகிற முகத்துக்கும், கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கிற தூரத்துச் சுடருக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் பார்ப்பவர் செய்யவேண்டியது எதுவும் இல்லை.

இன்னொரு மறுப்பு, வீட்டுக்குள் ஒடுங்கிய விழாவை நான் மெச்சுகிறேன் என்பது. அகநானூற்றுப் பாட்டே பலர் கூடிய தெருவைத்தான் காட்டுகிறது, அறையைக் காட்டவில்லை என்று ஒருவர் சொன்னால் சரிதான். கார்த்திகையின் வீடு என்பது கதவடைத்த வீடு இல்லை. அது வாசல், திண்ணை, மாடம், மதில். விளக்கு உள்ளே எரிந்தால் அது பூசை. வாசலில் எரிந்தால்தான் கார்த்திகை. பத்தடி இடைவெளியில் அண்டை வீட்டார் தம் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்க, பேச்சு தெருவைக் கடந்து போகும். நோய்க்காலம் கேட்ட இடைவெளி அந்த அமைப்பில் முன்பே இருந்தது. இது யாரும் திட்டமிட்டதில்லை, தற்செயல். ஆனால் எல்லா விழாவுக்கும் இந்தத் தற்செயல் வாய்க்கவில்லை. ஆகஸ்ட் 22-இல் வந்த விநாயகர் சதுர்த்தி வீட்டுக் களிமண் பிள்ளையாருக்குத் திரும்பியது. ஊர்வலமும் ஆளுயரச் சிலையும் நின்றன, அவையும் அண்மைக் காலத்தவை. ரமலானில் பள்ளிவாசல் கஞ்சி காய்ச்ச முடியாமல் போக, அரசு தரும் 5,450 டன் நோன்புக் கஞ்சி அரிசி பச்சரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. கஞ்சி வீட்டு அடுப்பில் காய்ந்தது, ஒரே சட்டியிலிருந்து பலர் குடிப்பது மட்டும் விட்டுப்போயிற்று. வேளாங்கண்ணிக்கோ மாற்றே இல்லை. காவி உடுத்தி நாள்கணக்கில் நடந்து போவதுதான் அங்கே நேர்த்தி. ஆகஸ்ட் 29-இல் கொடியேறியது, வழியில் ஆளில்லை. வீட்டில் அதை எதால் ஈடுகட்டுவது?

மிகக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்தே கும்பிடுவது போதும் என்ற பேச்சு இந்த நாட்டில் முன்பும் சொல்லப்பட்டதுதான், வேறு வாயிலிருந்து. தீண்டாமையால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு 'நினைத்தாலே முக்தி தரும் தலம்' என்ற அண்ணாமலையின் புகழ் உபதேசமாகவும் சொல்லப்பட்டிருக்கலாம், வாயடைப்பாகவும் சொல்லப்பட்டிருக்கலாம். 1939-இல் மதுரையில் ஆலய நுழைவு நடந்து, சட்டம் வந்து, 1947-இல் மாகாணம் முழுவதற்குமான சட்டம் வந்த பிறகுதான் கதவு பொதுவானது. நுழையும் உரிமையைப் போராடிப் பெற்றவர்களிடம், எண்பதே ஆண்டில், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்வது எளிதான சொல் இல்லை. இதற்கு என் பதில் இரண்டு பகுதி. 2020-இன் தடை எல்லாருக்கும் ஒரே தடையாக இருந்தது. விதிவிலக்கு தேடியவர்கள் இருந்தார்கள், அது தனிக் கதை. அடுத்தது, மலை விளக்குக்கு என்றுமே வாசற்காவல் இருந்ததில்லை. கோபுரவாசலில் ஆளைப் பார்த்துத் தடுக்க முடிந்தது. 2,668 அடி உயரத்தில் எரிவதைச் சேரிக்குத் தெரியாமல் மறைக்க எந்தத் தர்மகர்த்தாவாலும் முடியாது. அந்த ஊரில் எந்தச் சாதிக்காரரும் யாரையும் கேட்காமல் பார்த்த ஒரே தரிசனம் அது. ஏற்றியவர்களும் மேல்சாதியார் இல்லை. நுழைவுரிமைக்கு அது ஈடாகாது. ஆனால் 'போதும்' என்று மேலிருந்து சொல்வதற்கும், தாமே தம் வாசலில் ஏற்றுவதற்கும் உள்ள இடைவெளியை அந்த விளக்கு வைத்தே அளக்கலாம்.

பிழைப்பைப் பற்றிய மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பவர், பூக்கட்டுபவர், ஆட்டோக்காரர், செருப்புப் பார்த்துக்கொள்பவர், அன்னதானத்தை நம்பிய சாதுக்கள், அஷ்டலிங்கக் கோயில் வாசல்களில் கற்பூரம் வைத்திருப்பவர் என எல்லாருக்கும் பௌர்ணமிதான் சம்பள நாள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு அந்தச் சம்பளம் நின்றது. வாசல் விளக்கு மரபில் பழையது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. அகல் செய்யும் குயவர்களுக்கு மட்டும் வீட்டுக் கார்த்திகை ஓரளவு கைகொடுத்திருக்கும். கூட்டம் புதியது என்று நான் சொல்வதால் அது பொய் ஆகிவிடாது. ஒரு தலைமுறையே அதை நம்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறது. வரலாற்றில் எது முந்தியது என்ற கேள்வியும் இன்று எது தேவை என்ற கேள்வியும் வேறுவேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. நான் பதில் சொல்ல முயல்வது முந்தைய கேள்விக்கு மட்டும்.

2022 டிசம்பர் 6 தீபத்துக்குக் கூட்டம் முழுமூச்சாகத் திரும்பியது, அதற்கடுத்த ஆண்டும் பெருகியது. 2024-இல் வேறொரு வகையில் வழி அடைபட்டது. ஃபெஞ்சல் புயலின் மழையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஈரம் ஊறிய மலையில் ஆயிரக்கணக்கானோர் ஏறுவது ஆபத்து என்று வல்லுநர்கள் சொன்னதால் டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. இம்முறை கீழே மாட வீதி நிரம்பியிருந்தது, மேலே உச்சி வெறிச்சென்று இருந்தது. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் தோளில் சுமந்து பர்வதராஜகுலத்தார் சிலர் ஏறினார்கள். 6 மணிக்குக் கீழிருந்து சைகை போயிற்று. பதினொரு நாள் எரிந்து முடிந்ததும், வழக்கம்போலக் கொப்பரை இறங்கி, அதன் மை மார்கழித் திருவாதிரையில் நடராசருக்குச் சாத்தியானபின் சிறு பொட்டலங்களாக வீடுகளுக்குப் போகும், நெற்றியில் இடுவதற்கு.